ஒவ்வொரு முறையும் ஒரு வாங்கு தள்ளி

மச்சாள்,

வெள்ளம் வடிந்து, வீட்டைக் கழுவித் துடைத்து முடித்த பிறகு, இன்றைக்குக் காலையில்தான் எங்கள் கிணற்றுக்குக் குளோரின் போட ஆள் வந்தது. சுகாதாரப் பகுதிக்காரர் வெள்ளைத் தூளை வாளியில் கரைத்து ஊற்றி, நன்றாகக் கலக்கிவிட்டு, "இண்டைக்கு இந்தத் தண்ணியைக் குடிக்க எடுக்காதேங்கோ அக்கா" என்று சொல்லி அடுத்த வளவுக்குப் போனார். மணம் குசினி வரைக்கும் வந்தது. முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டு நின்ற ஆரணி, வாயில் நுரையோடு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மாமி, பார்க் மணக்குது" என்றாள்.

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். நீ போன பிறகு அந்த நாளைப் பற்றி உன் மகள் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. நானும் திறக்கவில்லை. அண்ணாவுக்குக்கூட முழுக்கச் சொல்லவில்லை. யாரோடு கதைப்பது? நடந்தது முழுக்கத் தெரிந்த பெரிய ஆட்கள் நானும் நீயும்தான். ஆகவே உனக்கே எழுதுகிறேன். நானும் அங்கேதானே இருந்தேன், எனக்கெதற்குச் சொல்கிறாய் என்று கேட்பாய். நீ ஆறுதலாக வாங்கில் இருந்தாயடி. உன் மகளோடு அந்தரத்தில் தொங்கினவள் நான்.

நீ எனக்கு முதலில் வகுப்புக்காரி, பிறகுதான் மச்சாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்து என் கணக்கைப் பார்த்து எழுதினவள், என் வீட்டுக்கு வந்து வந்து கடைசியில் என் அண்ணாவையே கொண்டுபோய்விட்டாய். கொண்டுபோனாய் என்றும் சொல்ல முடியாது. இதே வளவில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு என் தலைக்கு மேலேயே இருந்தாய். தையல் மெசினோடு தனியாக இருந்துவிட்ட என்னைப் பார்த்து, "உனக்கு மாப்பிள்ளை பாக்கலாம்தான், உன்ர வாய்க்குப் பயந்து ஒருத்தனும் படலைக்குள்ள வரமாட்டான்" என்பாய். அப்படிச் சொல்ல இந்த ஊரில் வேறு ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை. இப்போது அதைச் சொல்ல ஆளே இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

உனக்குக் கிட்னி வருத்தம் என்று சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் அது வெயிலில் நின்று வயல் செய்கிற ஆம்பிளைகளின் வருத்தம் என்றுதான் கதை. அண்ணா தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க ஓடிப் போனார், பொருந்தவில்லை. அதன் பிறகு கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரி மெசினோடு படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்கிற சீவியம். அதற்காக உன் இடக்கையில் இரண்டு இரத்தக் குழாய்களை ஒன்றாக்கித் தைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே இரத்தம் இரைந்து ஓடுவது தெரியும். அந்தக் கைக்காகவே உன் சட்டைகளுக்கெல்லாம் தோளிலிருந்து பொத்தான் வைத்துத் தைத்தேன். தண்ணீரை அளந்து குடிக்கவேண்டும், இளநீரைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது. சனிக்கிழமை மெசின் முடிந்தால் அடுத்தது செவ்வாய்க்கிழமைதான். அந்த இடைவெளியில் உடம்பில் தண்ணீர் தேங்கும், கால் வீங்கும், மூச்சு முட்டும். "இந்த இடையிலதான் கவனமாப் பாக்கவேணும்" என்று தாதி என்னையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா.

சாவை நினைத்து நீ பயந்து நான் காணவில்லை. உன் பயம் ஒன்றே ஒன்று, ஆரணி. எட்டு வயதாகியும் உன்னை விட்டு ஒரு அடி விலகமாட்டாள். உன் இடக்கையில் காதை ஒட்டி வைத்து அந்த இரைச்சலைக் கேட்டால்தான் நித்திரை கொள்வாள். நீ மெசினுக்குப் போகிற நாளில் கேற்றைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். தகப்பனிடம்கூடப் போகமாட்டாள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். "மாமி ஏசுறவா. மாமியின்ர வீடு முழுக்க ஊசி" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். "நான் இல்லாட்டி இவள் ஆரோடயடி இருப்பாள்?" என்று நீ கேட்கும்போதெல்லாம், "விசர்க் கதை கதையாதை" என்று எழும்பிப் போய்விடுவேன். நீயும் விடமாட்டாய். அடுத்த நாள் அதையே வேறு மாதிரிக் கேட்பாய்.

மாதர் சங்கம் பஸ் பிடித்து, வவுனியாவுக்கு அங்கால் புதிதாகத் திறந்த விளையாட்டுப் பூங்காவுக்குப் போகப்போகிறது என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் நீ. பௌர்ணமிப் போயா லீவு, திங்கட்கிழமை. அடுத்த நாள் விடியத்தான் உனக்கு மெசின். அண்ணா தலையில் கை வைத்துக்கொண்டு, "உனக்கென்ன விசரே?" என்று கேட்டார். "மெசின் நாளைக்குத்தானே. இண்டைக்கு நான் எங்க நிக்கிறன் எண்டு மெசினுக்குத் தெரியவே போகுது?" என்றாய். கடைசியில், "தங்கச்சி கூடப் போறதெண்டால் போ" என்று என் தலையில் கட்டிவிட்டு அவர் வயலுக்குப் போனார்.

அதற்கு முதல் கிழமை முழுக்க நீ செய்த அட்டகாசம் எனக்கு மறக்காது. தைத்துக்கொண்டிருக்கும் என் முகத்துக்கு முன்னால் தொலைபேசியைப் பிடித்து, அந்தப் பூங்காவின் காணொளிகளைத் திரும்பத் திரும்பக் காட்டினாய். "பாரடி, உயரமான சறுக்கலுக்கு வெள்ளனப் போகவேணும், சனம் வரமுதல். எல்லாரும் சாப்பிடப் போகேக்க அலைக்குளம். வெயில் சாஞ்சாப்பிறகு ராட்டினம். வாசல்ல நிண்டு படம் எடுத்து நேரத்தை வீணாக்கிறாக்களோட சேராதை." பெரிய படை நடத்தப் போகிறவள் மாதிரி இருந்தது உன் கதை. ஒரு நாளுக்குள் எப்படி எல்லாவற்றையும் அடக்குவது என்பதில்தான் நீ நிற்கிறாய் என்று நான் நினைத்தேன். "நீயோ ஏறப்போறாய்? உனக்கு ஏன் இந்த ஆய்வு?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டு அடுத்த காணொளியைத் தட்டினாய்.

பஸ் வெளிக்கிட்டு முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்றது. எல்லா வாகனமும் நிற்கிற இடம், எல்லாரும் இறங்கினோம். நீ நேர்ந்து கொண்டுவந்த தேங்காயை நீயே உடைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். வலக்கையால் ஓங்கி அடித்தாய், நன்றாகத்தான் பிளந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் அழுகிக் கிடந்தது. பக்கத்தில் நின்ற மாதர் சங்கத் தலைவி வாயைப் பொத்திக்கொண்டா. நீ அந்தப் பாதித் தேங்காயை மணந்து பார்த்து, "பிள்ளையாருக்கும் இண்டைக்கு வயிறு சரியில்லைப் போல" என்றாய். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் இன்னொரு தேங்காய் வாங்கப் போனேன். நீ என் சீலையைப் பிடித்து இழுத்து, "விடு, நேரம் போகுது" என்றாய். பஸ்சுக்குள் ஏறும்போது உன் செருப்பின் வார் காலைக் கடித்திருந்ததைப் பார்த்தேன். விடியக்காலையிலேயே கால் அவ்வளவு வீங்கியிருந்தது.

மாங்குளம் தாண்டியதும் ஆரணி யன்னல் பக்கம் தூங்கிப்போனாள். அப்போதுதான் நீ உன் திட்டத்தைச் சொன்னாய்.

"இண்டைக்கு நான் பிள்ளையைத் தொடமாட்டன். அவள் உன்னோடதான் ஏறவேணும், உன்னோடதான் இறங்கவேணும். பயந்தாலும் உன்ர கையைத்தான் பிடிக்கவேணும். எனக்கு ஒரு நாள் தந்திருக்கினம். அதை நான் வீணாக்கமாட்டன்."

"ஆரடி உனக்குத் தந்தது?"

"ஆரோ" என்று சொல்லிவிட்டு நீ யன்னலுக்கு வெளியே பார்த்தாய்.

எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. எனக்கு உயரமும் பயம், தண்ணீரும் பயம் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாய், கள்ளி.

பூங்காவுக்குள் போனதும் குளோரின் மணம் முகத்தில் அடித்தது. மேகம் ஒன்றும் இல்லை, வானம் வெளிறிப்போய்க் கிடந்தது. நீ சின்னக் குளத்தின் பக்கத்தில், மரத்தின் கீழ் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த ஒரு சீமெந்து வாங்கைப் பிடித்துக்கொண்டு, குடையையும் உன் அளவுத் தண்ணீர்ப் போத்தலையும் பக்கத்தில் வைத்து, காலை நீட்டி இருந்தாய். "போங்கோ ரெண்டுபேரும்" என்று கையால் விரட்டினாய். ஆரணி உன் சீலைத் தலைப்பை விடவில்லை. நீ விரல் விரலாகக் கழற்றிவிட்டாய். "அம்மா இஞ்சதான் இருப்பன். போய்ச் சறுக்கிப்போட்டு ஓடி வா."

சறுக்கலின் படிகளில் கம்பியைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறினேன். அவள் முன்னாலும் நான் பின்னாலுமாக ஒரு ரப்பர் ஓடத்தில் இருத்தி, குழாய்க்குள் தள்ளிவிட்டார்கள். உள்ளே கும்மிருட்டு. என்ரை கடவுளே, நான் போட்ட கூச்சல் உனக்குக் கேட்டிருக்கும். கீழே வந்து விழுந்தபோது என் கொண்டை அவிழ்ந்து, மூக்குக்குள் தண்ணீர் போய், உயிர் போய் வந்தது. அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை. ஓடத்தின் கைப்பிடியைத்தான் பிடித்திருந்தாள். எழும்பி, என்னைத் திரும்பியும் பார்க்காமல் உன்னிடம் ஓடினாள்.

மரத்தடி வாங்கில் நீ இல்லை.

அடுத்த வாங்கில் இருந்தாய். கொஞ்சம் தள்ளி, ஐஸ்கிறீம் கடையின் பக்கம். கை காட்டினாய், நாங்கள் கண்டுகொண்டோம். வெயில் திரும்பியதால் இடம் மாறியிருக்கிறாய் என்று நினைத்தேன். இன்னொரு விளையாட்டுக்குப் போய் வந்தோம், நீ அதற்கும் அங்கால் இருந்தாய். அதற்கடுத்த முறை பார்த்தால், பாதை வளைகிற இடத்தில், பற்றைக்குப் பின்னால், குடையின் நுனி மட்டும் தெரிய இருந்தாய். ஆரணி ஒவ்வொரு தடவையும் உன்னைத் தேடுகிற நேரம் கூடிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் கண்டதும் கட்டிப்பிடிப்பாள், நீ கட்டிப்பிடிக்காமல் இருப்பாய். உன் முகம் ஊதிக்கொண்டு வந்தது. கண்மடல் இரண்டும் தடித்திருந்தன. வீங்கின காலோடு நீ ஏன் வீணாக நடக்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை, கோபம்தான் வந்தது.

அலைக்குளமும் முடிந்து, மத்தியானம் பிந்தித்தான் புட்டையும் முட்டைப்பொரியலையும் பிரித்தோம். நீ ஒரு பிடி சாப்பிட்டிருப்பாய். ஆரணி மற்றப் பிள்ளைகளோடு கை கழுவப் போன நேரம் நான் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி ஒரு இடத்தில இருக்கமாட்டியே? பிள்ளை அந்தரப்பட்டுத் தேடுறாள்."

"தேடட்டும். அதுக்குத்தானே."

"எதுக்கு?"

"அவளுக்குப் பால் மறக்கப் பண்ணினது ஞாபகமே உனக்கு?"

எப்படி மறப்பேன்? வேப்பங்கொழுந்தை அரைத்துப் பூசிக்கொண்டு பெரிய ஆள் மாதிரி இருந்தாய். அந்தக் கெட்டிக்காரி கையால் துடைத்தெறிந்துவிட்டு நிம்மதியாகக் குடித்தாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வேம்பு சரிவராதென்று, ஊர்ப்பெண்டுகள் சொன்னபடி நீதான் அவள் கண்ணில் படாமல் விலகவேண்டியிருந்தது. முதலில் குசினிக்குள் ஒளித்தாய். அடுத்ததாக என் வீட்டில் வந்து கிடந்தாய். கடைசியில் பூநகரியில் உன் அம்மா வீட்டுக்குப் போய்ச் சில நாள் நின்றாய். திரும்பி வந்தபோது அவள் சோற்றைத் தின்றுகொண்டு உன்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அதே மாதிரித்தான்" என்றாய். "ஒரேயடியாய் விலகினால் பிள்ளை தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளி இருக்கவேணும். அப்ப அவள் பக்கத்தில ஆர் நிக்கினமோ, அவையைப் பிடிப்பாள். அப்ப ஏலுமெண்டா இப்பவும் ஏலும்."

நான் புட்டை மூடி வைத்தேன். எழும்பிப் போகவும் முடியவில்லை, உன் கால் என் மடியில் கிடந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, குழி அப்படியே நின்றது. உன் போத்தலில் கடைசி மிடறு மட்டும் மிஞ்சியிருந்தது. முன்னால் அலைக்குளத்தில் அவ்வளவு சனமும் தண்ணீருக்குள் கத்திக்கொண்டிருந்தது. நீ உதட்டை நாவால் தடவி, "பாரடி, உலகமெல்லாம் தண்ணி. எனக்கு மட்டும் பங்கீட்டு அட்டை" என்றாய். அதற்குச் சிரிக்கிற மனிசி நான்தான், சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். "முகத்தைத் துடை, பிள்ளை வருது" என்றாய்.

வெயில் சாய, ராட்டினம். உன் திட்டத்தில் கடைசி. நீ வாசலுக்குக் கிட்டவாக, எங்களிடமிருந்து எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரத்தில் ஒரு வாங்கில் போய் இருந்தாய். ராட்டினம் மெதுவாக மேலே ஏறியது. உச்சியில் நிற்கும்போது பூங்கா முழுக்கத் தெரிந்தது. நீ இருந்த வாங்குகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன, எல்லாம் வெறுமை. கடைசி வாங்கில் உன் நாவல்நிறச் சீலை. "அந்தா அம்மா" என்று ஆரணி காட்டினாள். சுற்றிக் கீழே போய் மறுபடி மேலே வந்தபோது நீ எழும்பி நின்றாய், வாங்கின் முதுகைப் பிடித்துக்கொண்டு. அடுத்த சுற்றில் மேலே வந்தபோது அந்த வாங்கும் வெறுமையாக இருந்தது.

குடை மட்டும் நிலத்தில் கிடந்தது.

இறங்க விடச் சொல்லி நான் கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? எல்லாரும்தானே கத்துகிறார்கள். ராட்டினம் தன் பாட்டில் சுற்றியது. ஒவ்வொரு தடவை உச்சிக்கு வரும்போதும் அந்த வாங்கைப் பார்த்தோம். ஆரணி கம்பியைப் பிடித்தபடி அந்தப் பக்கமே பார்த்தாள். அவளுடைய பல் கடிபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

இறங்கினதும் அவள் பறந்தாள். நான் கையை நீட்டினேன், தட்டிவிட்டாள். குடை கிடந்த இடம், பற்றையடி, ஐஸ்கிறீம் கடை, மரத்தடி என்று நீ இருந்த வாங்குகள் எல்லாவற்றிலும் தேடினாள். கழிவறைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கதவையும் தள்ளும்போது நீ உள்ளே எப்படிக் கிடப்பாய் என்று மனம் முன்னாலேயே படம் காட்டியது. சனம் குறைந்துகொண்டு வந்தது. சின்னக் குளத்தின் தண்ணீரை இறக்கத் தொடங்கியிருந்தார்கள், அடியில் நீல ஓடு தெரிந்தது. எங்கள் பஸ்காரர் ஹோர்ன் அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணாவுக்கு நான் என்ன சொல்வேன் என்றுதான் நினைத்தேன்.

வாசலுக்குப் பக்கத்தில் அறிவித்தல் செய்கிற அறை. உள்ளே இருந்த இளம்பெண் சிங்களப் பிள்ளை, நல்ல மனம். என் கோலத்தைக் கண்டதுமே கதிரையை இழுத்துப் போட்டாள். "அக்கா, பேரு சொல்லுங்க, நான் மைக்ல கூப்பிடுறன்" என்றாள். நான் வாயைத் திறந்தேன், உன் பெயர் வரவில்லை.

உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. சண்டை முடிந்து முட்கம்பி முகாமில் இருந்த காலத்தில், ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவார்கள். சிலருக்குச் சொந்தக்காரர் தேடி வந்திருப்பார்கள். சிலர் விசாரணைக்கென்று போவார்கள், திரும்பி வரமாட்டார்கள். எது எதற்கென்று முன்னதாகத் தெரியாது. உன் பெரியண்ணா தன் பெயரைக் கேட்டு எழும்பிப் போனவர்தான், குளிக்கப் போகிறவர் மாதிரித் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு. அதன் பிறகு எங்கள் கூடாரத்தில் நீ ஒரு சட்டம் வைத்தாய். "பேர் கூப்பிட்டால் ஒருத்தரும் அசையக்கூடாது. மூச்சும் காட்டக்கூடாது. ஆர், என்னத்துக்கு எண்டு முதல்ல பாக்கவேணும்." நாங்கள் அதைப் பழகினோம். அந்தப் பழக்கம் எங்கள் எலும்புக்குள் போய்விட்டது.

ஆரணிதான் உன் முழுப்பெயரையும் சொன்னாள். அவளுக்கு ஒலிபெருக்கி என்றால் பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி மட்டும்தான். அந்தப் பெண் உன் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் கூப்பிட்டு, உடனே அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். பூங்கா முழுக்க உன் பெயர் மோதித் திரும்பியது. இரண்டாம் தடவையும் கூப்பிட்டாள். ஒரு சிலமனும் இல்லை. நீ உயிரோடு இருந்தால் வரமாட்டாய் என்று அப்போது எனக்கு உறைத்தது. உயிரோடு இல்லாவிட்டாலும் வரமாட்டாய். இதில் எது என்று அந்த ஒலிபெருக்கியால் எனக்குச் சொல்ல முடியாது.

"நான் கதைக்கிறன்" என்றாள் ஆரணி. அந்தப் பெண் மைக்கைக் கீழே சாய்த்துக் கொடுத்தாள்.

"அம்மா, விளையாடினது காணும், போதும், வாங்கோ."

பொறுத்துப் பார்த்தாள். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு அவள் முகம் கோபத்தில் இறுகியது. உன் முகம், அப்படியே உன்னுடைய முகம்.

"அம்மா, நீங்கள் வராட்டி நான் மாமியோட போறன். உண்மையாத்தான். இனி மாமியோடதான் இருப்பன். நீங்கள் எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள். குளிர்ந்துபோன, ஈரம் ஊறிச் சுருங்கின விரல்கள். அவள் என் கையைத் தானாகப் பிடித்தது அதுதான் முதல் தரம். வெளியே யாரோ ஒலிபெருக்கியைக் கேட்டுச் சிரித்தார்கள்.

நீ தண்ணீர்ப் பம்பி இருக்கிற கட்டடத்துக்குப் பின்னாலிருந்து வந்தாய், சுவரைப் பிடித்துப் பிடித்து. மூச்சு இழுத்தது. மகள் ஓடிப்போய் உன் இடுப்பில் குத்து குத்தென்று குத்தினாள், பிறகு கட்டிப்பிடித்து அலறினாள். நீ அவள் தலைக்கு மேலால் என்னைப் பார்த்தாய்.

"கொஞ்ச நேரம் மறைஞ்சு நிண்டு பாப்பம் எண்டுதான் போனனான்" என்றாய். "பேரைக் கூப்பிட்டவுடன கால் எழும்பேல்லையடி. இது பார்க் எண்டு மூளை சொல்லுது, கால் கேக்கேல்லை. அப்பிடியே குந்திப்போட்டன்."

"விசரி. நீ செத்துப்போனாய் எண்டு நினைச்சன்."

"அவள் சொன்னது கேட்டதே உனக்கு?"

"மூச்சை விடு முதல்ல."

"மாமியோட இருப்பன் எண்டாள். கேட்டனிதானே?" நீ சிரித்தாய். அப்படி ஒரு சிரிப்பை உன் கலியாணத்தில்கூட நான் காணவில்லை. எனக்கு அந்தச் சிரிப்பு பயமாக இருந்தது. செய்யவேண்டிய வேலையை முடித்துவிட்டுக் கையைக் கழுவுகிற ஆளின் சிரிப்பு அது. "எனக்கு அது காணும்" என்றாய்.

பஸ்சில் நான் உன்னோடு கதைக்கவில்லை. ஆரணி உன் இடக்கையில் காதை வைத்து உறங்கினாள். ஓமந்தை தாண்டும்போது நீ மெதுவாக அவள் தலையைத் தூக்கி, என் மடியில் வைத்தாய். அவள் எழும்பவில்லை. "கோவமோ?" என்று கேட்டாய். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "கோவமா இருந்தால் நல்லது. கோவக்காரியள்தான் பிள்ளையை நல்லாப் பாப்பினம்" என்றாய். மச்சாள், அன்றைக்கு நான் கோபத்தில் இருக்கவில்லை. வாயைத் திறந்தால் ஒப்பாரி வைத்துவிடுவேன் என்று பயந்துதான் இருந்தேன்.

அடுத்த நாள் மெசினுக்குப் போய் வந்தாய். நன்றாகத்தான் இருந்தாய். அண்ணாவுக்குக்கூட, "பாத்தியளே, ஒண்டும் நடக்கேல்லை" என்று வீரம் கதைத்தாய். வயல் விதைப்புக்கு முன்னால், இன்னொரு திங்கட்கிழமை, அதே இடைவெளியில் உனக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் என் தோளில் சாய்ந்துதான் வந்தாய். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை எல்லாம் பூங்காவிலேயே சொல்லி முடித்தவள் மாதிரி என் கையைத் தட்டிக்கொண்டே வந்தாய்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது ஆரணி வந்து இடக்கையில் காதை வைத்தாள். நீண்ட நேரம் வைத்திருந்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. பிறகு எழும்பி என்னிடம் வந்து, "மாமி, நிண்டிட்டுது" என்றாள். என் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செத்தவீட்டுக்கு வந்த பெண்டுகளெல்லாம், "பிள்ளை மாமியோட என்னமாய் ஒட்டிட்டுது" என்று அதிசயப்பட்டார்கள். நீ நினைத்தது நினைத்தபடி நடந்தது, மச்சாள். அதில் ஒரு குறையும் இல்லை.

எனக்குத்தான் பயம் விடவில்லை. அந்தப் பிள்ளை அடம் பிடிப்பதில்லை. கேற்றில் நின்று கத்துவதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், படு என்றால் படுக்கிறாள். "மாமி ஏசுறவா" என்று ஒருவருக்கும் இப்போது சொல்வதில்லை. கோபம் வந்து எதையாவது சொல்ல வாயெடுத்தால், இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொள்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியை அதை நல்ல பழக்கம் என்று புகழ்ந்தா. எனக்கு அது நல்லதாகப் படவில்லை. ஏன் என்று இன்றைக்குத்தான் விளங்கியது.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, என் தையல் மெசினின் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். ஒரு நூல் துண்டை எடுத்து விரலில் சுற்றினாள்.

"மாமி, நான் அண்டைக்கு மைக்கில சொன்னது அம்மாவுக்குக் கேட்டதே?"

"கேட்டது குஞ்சு. நல்லாக் கேட்டது." அவளை ஆற்றவேண்டும் என்றுதான் நினைத்தேன். நீ பட்ட ஆசையை அவளுக்குச் சொன்னால் ஆறுவாள் என்று நினைத்தேன். "அதைக் கேக்கத்தான் அம்மா அவ்வளவு தூரம் வந்தவா. நீ மாமியோட இருப்பன் எண்டு சொன்னாப்பிறகுதான் அவாக்கு நிம்மதி. அந்த நிம்மதியோடதான் போனவா."

அவள் நூலைச் சுற்றிக்கொண்டே யோசித்தாள். விரல் நுனி சிவந்துவிட்டது.

"அப்ப, நான் அதைச் சொல்லாமல் விட்டிருந்தா அம்மா போயிருக்கமாட்டா, என்ன?"

மெசினின் சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினேன். அவளைத் தூக்கி மடியில் வைத்தேன். வந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இவ்வளவு பெரிய பிள்ளை, பாரமே இல்லை. அப்படி இல்லையடி, அப்படி இல்லையடி என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினாள், நான் சொன்னதற்கு மறுப்புச் சொல்லக்கூடாது என்று.

அந்த ஒரு நாளுக்கு எல்லாவற்றையும் யோசித்து வைத்தாய், மச்சாள். எதில் முதலில் ஏறுவது, எந்த வாங்கில் இருப்பது, பிள்ளை யாருடைய கையைப் பிடிப்பது என்று. பிள்ளை என் கையைப் பிடித்துவிட்டாள், விடமாட்டாள். நானும் விடமாட்டேன். ஆனால் என் கையைப் பிடித்ததால்தான் தாயை இழந்தேன் என்று நினைக்கிற பிள்ளையை நான் எப்படி வளர்ப்பேன்? அதை நீ எனக்குச் சொல்லித்தரவில்லை.